ஐஸ் பக்டரியில் மூன்றாம் குரல்

என் பகுதியை மட்டும் தனியே பாடினால்
அது பாட்டே இல்லை.
ஓட்டமாவடிப் பாலத்தில் சைக்கிள் மிதிக்கையில்
பாடிப் பார்ப்பேன்:
ஒரே சுரம் ஏழு தரம், அரைச்சுரம் இறக்கம்,
மறுபடி அதே சுரம்.
வைக்கோல் அவியும் மணத்துக்குள் நின்று
பேப்பர் மில் காவலாளி கேட்டான்:
"என்ன மனே, பல்லுக் குத்தா?"

லான்ஸ்லொட் ஒக்கர்ஸிடம் மெட்டு இருந்தது,
ஆகவே கலியாண வீடுகளில் எல்லாரும் பார்ப்பதும் அவனைத்தான்.
அவனுக்கு மேலே சீனித்தம்பி, நூல் போன்ற பொய்க்குரலில்.
அடியில் ஆதம்பாவா, மீன் லொறி ஓட்டுகிறவன்;
வாயாலேயே டபுள் பேஸ் மீட்டுவான்,
தொண்டைக்குள் யாரோ வெற்றுப் பீப்பாயைத் தட்டுவதுபோல.
நான் நடுவே,
மிஞ்சிய சுரம் எதுவோ அது.

பாடம் படித்தது ஒரேயொரு இசைத்தட்டில்.
திருகோணமலை நேவிக்காரன் ஒருவன்
லான்ஸ்லொட்டின் மாமனிடம் சீட்டாடித் தோற்றது.
அமெரிக்கக் கறுப்பின வாலிபர் நால்வர் என்றார் மாமன்;
உறை தொலைந்த தட்டு, முகம் தெரியாது.
எக்காளம் முழங்கும், துரொம்போன் வழுக்கும்,
பின்னால் ஒரு கிற்றார்.
ஆறு மாதம் கழித்துத்தான்
சீனித்தம்பி ஊசியைத் தூக்கிவிட்டுச் சொன்னான்:
"எக்காளம் எச்சில் விழுங்குதுடா."

அன்றிரவு யாரும் நித்திரை கொள்ளவில்லை.
மூக்கருகே கை குவித்து, உதட்டை மடித்து,
நாலு ஆம்பிளைகள் பித்தளையாகப் பார்த்தோம்.
தட்டில் ஒரு கீறல், சுற்றுக்கொரு "டிக்".
அதையும் மனப்பாடம் செய்தோம்,
தாளம் என்று நம்பி.

நாசிவன்தீவில் ஒரு கலியாணம்.
பந்தலுக்குப் பின்னால் சோறு வடித்தவர்
அகப்பையை நீட்டிச் சொன்னார்:
"நாலு பேரும் முதல்ல ஒரு பாட்டுக்கு வாங்கடா."

அவரில் பிழையில்லை.
கோயிலில், பூசையில், வேளாண்மை வெட்டில்
எல்லாரும் ஒரே சுரத்தில் ஏறித்தான் ஒன்றாவார்கள்.
நாங்கள் விலகி நின்று ஒன்றாகப் பார்த்தோம்.
எவ்வளவு விலகுவது, அதுதான் வித்தை.
ஒரு மயிர் கூடினால் சண்டை,
ஒரு மயிர் குறைந்தால் நெரிசல்.
சரியாக விழுந்தால்
நால்வரில் ஒருவரும் பாடாத ஐந்தாவது சுரமொன்று
கூரைத் தகரத்தின் கீழ் வந்து நிற்கும்.
விழுந்த நாட்கள் ஒரு கை விரலுக்குள்.

ஆதம்பாவா குவைத்துக்குப் போனான்,
ஒரு பயணப் பையும் எங்கள் அடிச்சுரமும்.

சீனித்தம்பிக்கு ஐஸ் பக்டரியில் இரவு வேலை.
அங்கே கொம்பிரசர் விடியும்வரை முனகும்,
கிட்டத்தட்ட அவனுடைய சுரம், கொஞ்சம் தாழ.
இயந்திரம் ஏறி வராது.
நாங்கள் இறங்கினோம்.

ஒரு வியாழன், இரண்டாம் அடி முடியுமுன்
கறண்ட் போயிற்று.
காலடிப் பாயை யாரோ உருவியதுபோல்
மற்ற இரண்டு குரலும் மேலே மேலே மிதந்தன.
யோசிக்கவில்லை, கீழே குதித்தேன்.
தாடையை நெஞ்சில் அழுத்தி, கரகரத்து,
அந்த முனகலைப் பிடித்துக்கொண்டேன்.
அவர்கள் வந்து என்மேல் கால் ஊன்றினார்கள்.

பாட்டு விழவில்லை.
ஆனால் நடுவில் ஓர் ஓட்டை.
பல் விழுந்த இடத்தை நாக்குத் தேடுவதுபோல்
மூவரும் அதையே தடவித் தடவிப் பாடினோம்.
"உன்ர சத்தம் எங்கடா?" இருட்டுக்குள் லான்ஸ்லொட்.
மூன்று வருஷத்தில் அவன் அதைக் கேட்டது அன்றுதான்.
நானும்.

உமிக்குள் ஐஸ் கட்டிகள் சொட்டின.
யாரும் டோர்ச் தேடவில்லை.

பிறகு கறண்ட் வந்தது.
கொம்பிரசர் இருமி, அடியிலிருந்து
தன் சுரத்துக்கு வழுக்கி வழுக்கி ஏறியது,
தட்டிலிருக்கும் அந்தத் துரொம்போனைப் போலவே.
சீனித்தம்பி சிரித்ததில் பாட்டுக் கெட்டது.
திரும்பத் தொடங்கினோம்.
நான் என் இடத்தில்: ஒரே சுரம், ஏழு தரம்.
"டிக்" என்றான் லான்ஸ்லொட்,
சரியான இடத்தில்.